கல்லுக்குக் கல் திரும்பி வந்த ஊர்: வென்சோனே



இந்த முறை வரலாறு. அதுவும் நமக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத, இத்தாலியின் வடகிழக்கு மூலையில் ஆல்ப்ஸ் மலை அடிவாரத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊரின் வரலாறு. "பி.காம் படிக்கிறவனுக்கு இத்தாலி எதுக்குடா?" என்று கேட்கப்போகும் வகுப்புத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கடைசி வரை படியுங்கள். சுங்க வரி, பாக்கி வைத்த பில், தேய்மானம் எல்லாமே வருகிறது.

இரண்டு புகைப்படங்களைப் பார்த்ததில்தான் இது ஆரம்பித்தது. ஒன்றில் அழகான ஒரு பழைய ஊர். கல் மதில், குறுகலான தெருக்கள், நடுவில் ஒரு பெரிய தேவாலயம், பின்னால் செங்குத்தான மலை. இன்னொன்றில் அதே இடம், ஆனால் முழுக்கக் கற்குவியல். முதல் படம் முன்பு எடுத்தது, இரண்டாவது ஏதோ அழிவுக்குப் பிறகு எடுத்தது என்று நினைத்துக்கொண்டு தேதியைப் பார்த்தேன். தலைகீழாக இருந்தது! கற்குவியல் படம் 1976-ல் எடுத்தது. அந்தப் "பழைய" ஊர்ப் படம் அதற்குப் பல வருடங்கள் கழித்து எடுத்தது.

இடிந்து போன ஊர் எப்படி மறுபடியும் பழைய ஊர் ஆகும்? அந்த ஒரு கேள்வி என்னைப் பல நாட்கள் விடவே இல்லை.

ஊர் எங்கே இருக்கிறது?

ஊரின் பெயர் வென்சோனே. ஃப்ரியூலி என்ற பகுதியில், உடினே நகரத்துக்கு வடக்கே இருக்கிறது. இன்றைக்கும் மொத்த மக்கள்தொகை சுமார் 2000 பேர்தான். தாலியமென்டோ என்ற ஆறு மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஃபெல்லா என்ற இன்னொரு ஆறு அதில் வந்து கலக்கிறது. அந்தச் சங்கமத்துக்குக் கொஞ்சம் கீழே, மலைக்கும் ஆற்றுக்கும் நடுவிலுள்ள குறுகலான இடத்தில் ஊர் உட்கார்ந்திருக்கிறது.

வரைபடத்தைப் பார்த்தால் ஒரு வணிகவியல் மாணவனுக்கு உடனே புரிந்துவிடும். வடக்கே ஆஸ்திரியா. தெற்கே வெனிஸ், கடல், துறைமுகம். நடுவில் ஆல்ப்ஸ். சரக்கு வண்டி போக நாலைந்து வழிகள்தான் உண்டு. அதில் ஒரு வழியின் தொண்டைக்குழியில் இந்த ஊர். ரோமானியர் காலத்திலேயே அக்விலேயா நகரத்திலிருந்து மலை தாண்டி வடக்கே போகும் சாலை இந்தப் பக்கமாகத்தான் போனது. இடைக்காலத்தில் தெற்கிலிருந்து உப்பு, எண்ணெய், மசாலாப் பொருட்கள் மேலே போயின. வடக்கிலிருந்து இரும்பும் மற்ற உலோகங்களும் மரமும் கீழே வந்தன. இந்த ஊரைத் தொடாமல் போவது கஷ்டம்.

அதனால்தான் மதில். 1258-ல், கிலிட்சோயோ தி மெல்ஸ் என்ற பிரபுவின் காலத்தில், ஊரைச் சுற்றி அகழியோடு இரட்டை மதில் எழுந்தது. மதில் என்றதும் நமக்குப் போர்தான் ஞாபகம் வரும். ஆனால் இங்கே எதிரியைத் தடுப்பது போலவே, வியாபாரியை வாசல் வழியாக வர வைப்பதும் மதிலின் வேலை. வாசல் இருந்தால்தானே வரி வாங்க முடியும்!

இதில் ஒரு போட்டியும் உண்டு. தெற்கே கொஞ்ச தூரத்திலேயே ஜெமோனா என்ற ஊர். அந்த ஊருக்கு நீடர்லெக் என்ற ஒரு விசேஷ உரிமை இருந்தது. அந்த வழியாகப் போகும் வியாபாரி சரக்கை அங்கே இறக்கி, இரவு தங்கி, வரி கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். சத்திரக்காரன், வண்டிக்காரன், சுமை தூக்குபவன், வரி வாங்குபவன் என்று எல்லோருக்கும் வருமானம். பக்கத்து ஊருக்கு இப்படி ஒரு உரிமை இருந்தால் வென்சோனேக்காரர்கள் சும்மா இருப்பார்களா? இரண்டு ஊருக்கும் காலகாலமாகப் புகைச்சல்தான்.

கட்டடங்கள்

வந்த பணம் கல்லாக மாறியது. ஊரின் மையம் புனித அந்திரேயா பேராலயம். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைப் பெரிதாக்கிக் கட்டிய கலைஞர் ஜொவான்னி கிரிலியோ. அவர் எந்த ஊர்க்காரர் தெரியுமா? அதே போட்டி ஊரான ஜெமோனாக்காரர்! வியாபாரத்தில் சண்டை இருந்தாலும் நல்ல கொத்தனாரை யாரும் விடுவதில்லை போலிருக்கிறது.

1338-ல் பெர்ட்ரான்ட் என்ற அக்விலேயா பேராயர் இந்த ஆலயத்தை அர்ச்சித்துத் திறந்து வைத்தார். அந்தக் காலத்தில் ஃப்ரியூலி நாட்டை ஆண்டதும் இந்தப் பேராயர்கள்தான். சமயத் தலைவரும் அரசரும் ஒரே ஆள். 1420-ல் வெனிஸ் குடியரசு வந்து இந்த நிலத்தை எடுத்துக்கொள்ளும் வரை இதே நிலைமை.

பேராலயத்துக்கு அடுத்து ஊர் மன்றக் கட்டடம். 1390-க்கும் 1410-க்கும் இடையில் கட்டியது. கீழே திறந்த கல் மண்டபம், வெளிப்பக்கமாக ஏறும் படிக்கட்டு, மேலே கூர்மையான வளைவு ஜன்னல்கள். ஊர்ப் பஞ்சாயத்து, சட்டம், வணிகம் எல்லாம் இங்கேதான் பேசித் தீர்த்திருப்பார்கள்.

பேராலயத்துக்குப் பக்கத்தில் புனித மிக்கேல் சிற்றாலயம் என்று வட்டமான சின்னக் கட்டடம் ஒன்று இருக்கிறது. உள்ளே போக நெஞ்சில் தைரியம் வேண்டும். அங்கே மம்மிகள்! எகிப்து மாதிரி யாரும் தைலம் பூசிப் பதப்படுத்தியவை அல்ல. 1647-ல் பேராலயத்தில் வேலை நடந்தபோது ஒரு பழைய கல்லறையில் அழுகாமல் காய்ந்து போன ஒரு உடல் கிடைத்தது. கூன் விழுந்தது போல இருந்ததால் அதற்குக் "கூனன்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு நாற்பதுக்கும் மேற்பட்ட உடல்கள் இப்படிக் கிடைத்தன. ஒரு வகைப் பூஞ்சை உடலின் ஈரத்தை உறிஞ்சிவிட்டது என்பது நீண்ட நாளாகச் சொல்லப்படும் ஒரு விளக்கம். அந்த மண்ணின் தன்மைதான் காரணம் என்பது இன்னொன்று. நெப்போலியன்கூட வந்து பார்த்துவிட்டுப் போனதாகச் சொல்கிறார்கள்.

இன்னொரு கதை வணிகவியல் மாணவர்களுக்காகவே உள்ளது. பேராலய வேலை முடிந்து, உச்சியில் ஒரு தங்க உருண்டை வைக்க வேண்டியிருந்ததாம். ஊர்க்காரர்கள் கட்டியவருக்குப் பேசிய கூலியை முழுசாகக் கொடுக்கவில்லை. அவர் என்ன செய்தார்? ஒரு பூசணிக்காய்க்குத் தங்க வண்ணம் பூசி மேலே வைத்துவிட்டுப் போய்விட்டார்! கொஞ்ச நாளில் அது அழுகிக் கீழே விழுந்தது. இது கதைதான், ஆதாரம் கேட்காதீர்கள். ஆனால் இன்றைக்கும் அந்த ஊரில் அக்டோபர் மாதம் பூசணிக்காய்த் திருவிழா நடக்கிறது. பில் பாக்கி வைத்ததை ஒரு ஊரே திருவிழாவாகக் கொண்டாடுவது உலகத்தில் வேறு எங்காவது உண்டா?

1965-ல் இத்தாலி அரசு இந்த ஊர் முழுவதையும் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது. ஒரு கட்டடத்தை அல்ல, மதிலுக்குள் இருந்த ஊரையே. எழுநூறு வருடப் பழைய கோட்டை ஊர் இவ்வளவு முழுமையாக அந்தப் பகுதியில் வேறு இல்லை என்பதுதான் காரணம்.

இது நடந்து பதினோரு வருடம்கூட நிம்மதியாகப் போகவில்லை.

1976 மே 6, இரவு 9 மணி

வியாழக்கிழமை. பெரும்பாலானோர் சாப்பிட்டு முடித்து வீட்டில் இருந்த நேரம். சுமார் ஒரு நிமிடம் பூமி குலுங்கியது. அளவு 6.4-க்கு மேல். ஃப்ரியூலி முழுவதும் கிட்டத்தட்ட ஆயிரம் பேர் இறந்தார்கள். ஒரு லட்சம் பேருக்கு மேல் வீடு இழந்தார்கள். அதிகம் அடிபட்ட ஊர்களில் வென்சோனேயும் ஜெமோனாவும் உண்டு. போட்டி ஊர்கள் இரண்டும் ஒரே இரவில் ஒன்றாக விழுந்தன.

அந்த ஊர்ப் பாட்டிகள் சொல்லும் கதைகளில் "ஓர்கோலாத்" என்று ஒரு அரக்கன் வருவான். மலைக்குள் அடைபட்டுக் கிடக்கும் அவன் புரண்டு படுத்தால் பூமி ஆடும். அந்த இரவுக்கு ஃப்ரியூலி மக்கள் வைத்த பெயரும் அதுதான், ஓர்கோலாத்.

ஆனால் வென்சோனேயின் கதை மே மாதத்தோடு முடியவில்லை. பேராலயம் பலத்த சேதம் அடைந்தாலும், அதில் பெரும்பகுதி அப்போது நின்றுகொண்டுதான் இருந்தது. ஜனங்கள் கூடாரத்தில் தங்கி, கோடை முழுவதும் இடிபாடுகளைச் சரிசெய்யத் தொடங்கியிருந்தார்கள். குளிர்காலம் வருவதற்குள் தலைக்கு மேல் கூரை வேண்டுமே! அப்போது செப்டம்பர் 15 அன்று காலையில் மறுபடியும் இரண்டு பெரிய அதிர்ச்சிகள். மே மாதத்தில் தப்பித்து நின்றதெல்லாம் இப்போது விழுந்தது. பேராலயமும் விழுந்தது.

எனக்கு மனதை மிகவும் பிசைந்த இடம் இதுதான். முதல் அடியைத் தாங்கிவிடலாம். எழுந்து நின்று, சட்டையைத் தட்டிக்கொண்டு, வேலையை ஆரம்பித்த பிறகு வரும் இரண்டாவது அடி இருக்கிறதே, அது உடம்பை விட நம்பிக்கையைத்தான் உடைக்கும்.

அந்தக் குளிர்காலத்தில் பல்லாயிரக்கணக்கான மக்களை மலையிலிருந்து இறக்கி, லிக்னானோ, கிராடோ போன்ற கடற்கரை ஊர்களின் ஹோட்டல்களில் தங்க வைத்தார்கள். கோடையில் உல்லாசப் பயணிகள் தங்கும் அறைகளில், குளிர்காலத்தில் வீடிழந்த மலைவாசிகள். அரசின் சிறப்பு ஆணையர் ஜுசெப்பே சம்பர்லெத்தி இதற்குப் பொறுப்பாக இருந்தார். 1977 வசந்த காலத்தில் தற்காலிக வீடுகள் தயாரானதும் திரும்பி வந்தார்கள்.

முதலில் தொழிற்சாலை, பிறகு வீடு, கடைசியில் தேவாலயம்

இந்தத் தலைப்பு நான் வைத்தது அல்ல. ஃப்ரியூலி மறுகட்டுமானத்தின் கொள்கையே இதுதான். இதைச் சொன்னவர் யார் என்று பார்த்து அசந்துவிட்டேன். உடினே பேராயர் அல்ஃப்ரேதோ பத்திஸ்தி! ஒரு பேராயரே தேவாலயம் கடைசியில் போதும் என்கிறார்.

யோசித்துப் பார்த்தால் இதில் பெரிய பொருளாதாரம் இருக்கிறது. ஃப்ரியூலி காலங்காலமாகப் பிழைப்புத் தேடி வெளிநாடு போகிறவர்களின் ஊர். வேலை இல்லாவிட்டால் ஜனம் ஜெர்மனிக்கோ பிரான்சுக்கோ கிளம்பிவிடும். ஆளே இல்லாத ஊரில் அழகான வீட்டையும் தேவாலயத்தையும் கட்டி என்ன பயன்? அதனால் முதலில் சம்பளம், பிறகு கூரை, அதற்குப் பிறகு சாமி.

இன்னொரு முக்கியமான விஷயம் பணம் யார் கையில் போனது என்பது. மத்திய அரசு பணத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளாமல், செலவு செய்யும் அதிகாரத்தை மாநில அளவுக்கும், அங்கிருந்து ஊர் மேயர்கள் வரைக்கும் பிரித்துக் கொடுத்தது. எந்தச் சுவர் யாருடையது என்று தெரிந்தவரே கையெழுத்துப் போட்டார். இன்றும் இத்தாலியில் நல்ல முறையில் நடந்த மறுகட்டுமானம் எது என்று கேட்டால் ஃப்ரியூலியைத்தான் உதாரணம் காட்டுவார்கள்.

கல்லூரி நண்பர்களுக்கு ஒரு தகவல். உடினே பல்கலைக்கழகமும் இந்த நிலநடுக்கத்தில் பிறந்ததுதான். இடிபாடுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு மக்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகமாகக் கையெழுத்துச் சேகரித்து எங்களுக்குப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று கேட்டார்கள். 1978-ல் கிடைத்தது.

குப்பையா, சொத்தா?

இப்போது வென்சோனேக்கு வருவோம். ஊரே கற்குவியல். சாதாரணமாக என்ன செய்வோம்? புல்டோசர் வைத்து அள்ளி ஆற்றில் கொட்டிவிட்டு, அகலமான தெரு போட்டு, கான்கிரீட் வீடு கட்டுவோம். சீக்கிரம் முடியும், செலவும் குறையும். பக்கத்து ஊர்கள் பலவற்றில் புதிய திட்டப்படியே கட்டினார்கள். வென்சோனேயிலும் நிற்கிற மிச்சத்தை இடித்துத் தள்ளிவிடலாம் என்ற பேச்சு இருந்தது.

ஊர்க்காரர்களில் ஒரு பகுதியினர் ஒத்துக்கொள்ளவில்லை. குழு அமைத்தார்கள், கையெழுத்துச் சேர்த்தார்கள். இது குப்பை இல்லை, எங்கள் ஊர் என்றார்கள். "எங்கே இருந்ததோ அங்கே, எப்படி இருந்ததோ அப்படி" என்பது அவர்கள் கோரிக்கை. அறிஞர்களும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் அவர்கள் கட்சிதான் ஜெயித்தது.

நம் பாடப்புத்தக மொழியில் சொன்னால், மற்றவர்கள் ஸ்க்ராப் என்று எழுதிய ஒன்றை இவர்கள் சொத்துப் பக்கத்தில் எழுதினார்கள்.

அதன் பிறகு நடந்த வேலைதான் நம்ப முடியாதது. விழுந்த பேராலயத்தின் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, மதிலுக்கு வெளியே புல்வெளியில் வரிசையாகப் பரப்பினார்கள். ஆயிரக்கணக்கான கற்கள். ஒவ்வொன்றுக்கும் எண். ஒவ்வொன்றுக்கும் படம், அளவு, விவரம். பிறகு நிலநடுக்கத்துக்கு முன் எடுத்த பழைய புகைப்படங்களை வைத்துக்கொண்டு, இந்தக் கல் எந்தச் சுவரில், எத்தனையாவது வரிசையில் இருந்தது என்று தேடினார்கள். கல்லின் மேலுள்ள உளிக்குறி, நிறம், உடைந்த விளிம்பு இவைதான் துப்பு. உலகத்திலேயே பெரிய ஜிக்சா புதிர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அட்டைப்பெட்டி மேல் படம் மட்டும் கறுப்பு வெள்ளையில்!

இந்த முறைக்கு அனஸ்டைலோசிஸ் என்று பெயர். கிரேக்கக் கோயில் தூண்களை நிமிர்த்தி வைக்கப் பயன்படுத்தும் முறை. அதை ஒரு முழுப் பேராலயத்துக்கே பயன்படுத்தினார்கள். ஊர் மன்றக் கட்டடம் 1984-ல் எழுந்து நின்றது. அந்தக் கட்டடத்தின் விதியைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து சிதைந்து, போருக்குப் பிறகு சரிசெய்து, அது 1976-ல் மறுபடியும் விழுந்து, மறுபடியும் எழுந்திருக்கிறது. பேராலயத்தின் மறுகட்டுமானம் 1988-ல் தொடங்கி 1995-ல் முடிந்தது. விழுந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் பத்தொன்பது வருடங்கள். 1976-ல் அங்கே ஞானஸ்நானம் பெற்ற குழந்தை, கல்யாண வயதில்தான் அந்தக் கூரையை மறுபடி பார்த்திருக்கும்.

அப்படியானால் இது பழசா, புதுசா?

இங்கேதான் எனக்குக் குழப்பம் ஆரம்பித்தது. கணக்குப்பதிவியல் வகுப்பில் நமக்குச் சொல்லிக் கொடுத்தது என்ன? கட்டடத்துக்குத் தேய்மானம் உண்டு, நிலத்துக்கு இல்லை. நிலம் நிலையானது. ஆனால் வென்சோனேயில் நிலம்தான் ஆடியது. அறுநூறு வருடம் ஒழுங்காக நின்ற கட்டடம் நிலத்தை நம்பித்தான் கெட்டது!

சரி, 1995-ல் கட்டி முடித்த பேராலயத்தை 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்று சொல்லலாமா? கல் பழசு, அடுக்கிய கை புதுசு. வீடுகள் பலவற்றில் வெளிமுகம்தான் பழைய கல்; உள்ளே அடுத்த நிலநடுக்கத்தைத் தாங்குவதற்கான புதிய கட்டுமானம். இது பெரிய சினிமா செட் மாதிரிதானே என்று கேட்பவர்களும் உண்டு. முதலில் நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன்.

என் மனதை மாற்றியது இரண்டு விஷயங்கள். ஒன்று, அவர்கள் எதையும் மறைக்கவில்லை. பேராலயத்துக்குள்ளே நொறுங்கிப் போன சுவரோவியங்களை மறுபடி வரைந்து வைக்கவில்லை. கிடைத்த துண்டு இருக்கிறது, கிடைக்காத இடம் வெறும் சுவராக இருக்கிறது. இரண்டு, மதிலுக்குள்ளேயே புனித யோவான் ஆலயம் என்று ஒன்றை வேண்டுமென்றே இடிந்த நிலையில் அப்படியே விட்டிருக்கிறார்கள். கூரை இல்லாத சுவர்களாக அது நிற்கிறது. ஓர்ஞானி மார்தினா மாளிகையில் நிலநடுக்கத்துக்கென்றே ஒரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள்.

இது போலிக் கணக்கு அல்ல நண்பர்களே. நஷ்டத்தையும் எழுதி, பழுது பார்த்ததையும் எழுதி, அடியில் நோட்ஸ் டு அக்கவுண்ட்ஸ் போட்டுக் கையெழுத்துப் போட்ட கணக்கு. பழைய ஊர் போல நடிப்பது வேறு. விழுந்தோம், எடுத்து வைத்தோம் என்று சொல்லிக்கொண்டே நிற்பது வேறு.

2017-ல் இத்தாலியின் மிக அழகான சிற்றூரைத் தேர்ந்தெடுக்கும் தொலைக்காட்சிப் போட்டியில் வென்சோனே முதலிடம் பெற்றது. ஓட்டுப் போட்டவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஊர் ஒருமுறை தரைமட்டமானது தெரியும்? தெரிந்தே போட்டிருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஒரு ஊரின் வயது கல்லில் இருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். 1258-ல் மதில் கட்டியவர்களுக்கு வரி வருமானம் என்ற காரணம் இருந்தது. 1976-க்குப் பிறகு அதே கற்களைப் பொறுக்கியவர்களுக்கு அப்படி எந்த லாபமும் கண்ணுக்குத் தெரியவில்லை. தற்காலிக வீட்டில் குளிரில் உட்கார்ந்துகொண்டு, கல்லுக்கு எண் எழுதினார்கள். எழுநூறு வருடப் பழைய ஊரில் நான் பார்த்த மிகப் பெரிய வரலாற்றுச் சின்னம் அந்தப் பிடிவாதம்தான்.

படித்து முடித்து வேலை கிடைத்து, முதல் சம்பளத்தில் இல்லாவிட்டாலும் ஐம்பதாவது சம்பளத்திலாவது அந்த ஊருக்குப் போக வேண்டும். அந்த ஆலயச் சுவரில் ஏதாவது ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்து, "நீ எத்தனை வருஷம் புல்வெளியில் கிடந்தாய்?" என்று கேட்க வேண்டும்.

தவறு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.